அந்தக் கிரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

மாணவர்களே,

சில வாரங்களுக்கு முன்பு படிவம் நான்கு வேதியியல் வகுப்பு முடிந்ததும் எல்லாரும் ஓய்வு நேரத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் என் மேசையருகே நின்றாள். பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைத்தாள்.

"டீச்சர், எங்க அண்ணி மாசமா இருக்காங்க. கன்னத்துல மங்கு விழுந்திருச்சு. ஆன்லைன்ல இந்தக் கிரீமை வாங்கியிருக்காங்க. போடலாமான்னு பார்த்துச் சொல்றீங்களா?"

டப்பாவைக் கையில் எடுத்தேன். மூடியில் தங்க நிறத்தில் ஒரு பெயர். பக்கத்தில் 'ஏழே நாளில் வெண்மை' என்ற வாக்குறுதி. அடிப்பக்கத்தைத் திருப்பினேன். மூலப்பொருள் பட்டியல் இல்லை. தயாரித்தவர் முகவரி இல்லை. பதிவு எண்ணும் இல்லை.

அந்த டப்பாவைப் பார்த்ததும் எனக்கு ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாள் நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு 28 வயது, தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தேன். எனக்கும் கன்னத்தில் மங்கு விழுந்தது. பாசார் மாலாமில் ஒரு கடையில் 15 ரிங்கிட் கொடுத்து இதே மாதிரி ஒரு கிரீம் வாங்கி ஏறக்குறைய மூன்று மாதம் பூசினேன். முகம் நன்றாகவே வெளுத்தது. கிளினிக்கில் என் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்த மிஸ்ஸி தலையை நிமிர்த்தி, "முகத்துக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். "அதுல என்ன இருக்கு?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. "நீங்க சயின்ஸ் டீச்சர்தானே?" என்று அவர் கேட்டபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ரத்தம், சிறுநீர் இரண்டையும் சோதித்தார்கள். கோளாறு எதுவும் தெரியவில்லை. என் மகனுக்கு இப்போது ஆறு வயது, நன்றாக இருக்கிறான். ஆனால் பயத்தில் அன்று மாலையே அந்த டப்பாவைக் குப்பையில் வீசிவிட்டேன். அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு வீட்டில் கர்ப்பிணியோ, பால் கொடுக்கும் தாயோ, கைக்குழந்தையோ இருந்தால், அந்த வீட்டில் உள்ள ஒவ்வொரு கிரீம் டப்பாவையும் யாராவது ஒருவர் திருப்பிப் படித்தாக வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம் என்பது என் கருத்து. ஏன் நீங்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அறிவியலைப் பார்ப்போம்.

தோல் எதை உள்ளே விடும்?

தோல் ஒரு மழைச்சட்டை போல, மேலே பூசுவது மேலேயே நின்றுவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வேறு சிலர், பூசுவது எல்லாமே ரத்தத்தில் கலந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். இரண்டும் சரியில்லை.

நம் தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. அந்தச் செல்களைக் கொழுப்பு ஒட்டிவைத்திருக்கிறது. செங்கல்லும் சிமெண்டும் போல. இந்த அடுக்கைத் தாண்ட மூலக்கூறு சிறியதாக இருக்க வேண்டும். தோல் மருத்துவத்தில் ஒரு பொதுக் கணக்கு உண்டு: மூலக்கூறு எடை 500-க்கு மேல் போனால் நலமான தோலைத் தாண்டுவது கடினம். இப்போது விளம்பரங்களில் அடிக்கடி கேட்கும் ஹையலூரானிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை பெரும்பாலும் பல ஆயிரத்திலிருந்து பல இலட்சம் வரை இருக்கும். அது மேலேயே இருந்து ஈரம் காக்கும். ஆனால் ஹைட்ரோகுயினோனின் எடை 110. கற்பூரம் 152. ரெட்டினால் 286. இவை தாண்டக்கூடியவை.

தாண்டும் அளவு வேறு சிலவற்றையும் பொறுத்தது. எவ்வளவு பரப்பில் பூசினீர்கள், எத்தனை நாள் பூசினீர்கள், தோலில் புண்ணோ சொறியோ இருக்கிறதா, மேலே துணியோ நாப்பியோ மூடியிருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் வரும். பருவுக்கு ஒரு புள்ளி வைப்பதும் உடம்பு முழுக்கத் தேய்ப்பதும் ஒன்றல்ல.

தாயின் ரத்தத்துக்குள் வந்தது குழந்தைக்குப் போகுமா? நச்சுக்கொடி ஒரு வடிகட்டி போல வேலை செய்தாலும், சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகள் பல அதைக் கடந்துவிடும். இதயம், மூளை, கை, கால், முகம் ஆகியவை உருவெடுப்பது பெரும்பாலும் கரு தோன்றிய மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள். அந்தக் காலத்தின் தொடக்கத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே தெரியாது.

பெயர் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று பொருட்கள்

நம் நாட்டில் அழகு சாதனப் பொருட்களைக் கண்காணிப்பது சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை. என்.பி.ஆர்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தடை செய்யப்பட்ட பொருள் கலந்த கிரீம்களின் பெயர்களை அது அவ்வப்போது வெளியிடுகிறது. அந்த அறிவிப்புகளைத் தொடர்ந்து படித்தால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்: பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின்.

முதலில் பாதரசம். நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உருவாக்க டைரோசினேஸ் என்ற என்சைம் வேண்டும். அந்த என்சைம் வேலை செய்ய அதன் நடுவில் செம்பு அயனி வேண்டும். பாதரசம் அந்தச் செம்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. என்சைம் முடங்குகிறது, தோல் வெளுக்கிறது. 'ஏழு நாளில் வெண்மை' என்பது சில டப்பாக்களில் இப்படித்தான் நடக்கிறது. அதே பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்கும். நச்சுக்கொடியைக் கடக்கும், தாய்ப்பாலிலும் வரும்.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: கிரீமைப் பூசாதவரையும் அது விடாது. 2010-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா, வர்ஜீனியா மாநிலங்களில் சில குடும்பங்களைச் சோதித்தார்கள். அந்த வீடுகளில் பயன்படுத்திய வெண்மைக் கிரீமில் பாதரசம் 2 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தது. கிரீமைத் தொட்டே பார்க்காத குடும்பத்தினரின் சிறுநீரிலும், குழந்தைகள் உட்பட, பாதரசம் அதிகமாக இருந்தது. தாயின் கன்னத்தில் குழந்தை கன்னம் வைக்கிறது. தலையணை உறை, துண்டு, கதவுப்பிடி எல்லாவற்றிலும் கிரீம் ஒட்டுகிறது. பாதரசம் ஆவியாகவும் மாறும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கிறது. வேறென்ன வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆசியான் நாடுகளின் விதிப்படி அழகுப் பொருளில் பாதரசம் சேர்க்கக் கூடாது. தற்செயலாகக் கலந்திருந்தாலும் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 2 விழுக்காடு என்றால் பத்து இலட்சத்தில் 20,000 பங்கு. வரம்பைப் போல இருபதாயிரம் மடங்கு.

குழந்தைகளுக்குப் பாதரசம் என்ன செய்யும் என்பதை உலகம் ஏற்கெனவே விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மேற்கு நாடுகளில் 'இளஞ்சிவப்பு நோய்' என்ற ஒரு குழந்தை நோய் இருந்தது. கை, கால் சிவந்து தோல் உரியும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. குழந்தை சாப்பிடாது, ஓயாமல் அழும். சில குழந்தைகள் இறந்தும் போயின. காரணம் தெரியாமல் பல ஆண்டுகள் மருத்துவர்கள் தவித்தார்கள். 1940-களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் யோசேப் வார்க்கனி என்ற குழந்தை மருத்துவரும் அவருடன் பணியாற்றிய டொனால்ட் ஹப்பர்டும் அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் இருப்பதைக் கண்டார்கள். அது வந்த முக்கிய வழி, பல் முளைக்கும்போது ஈறில் தடவிய பவுடர். அதில் கலோமெல் என்ற பாதரசக் குளோரைடு இருந்தது. பிரிட்டனில் 1954-இல் அந்தப் பவுடர்களிலிருந்து கலோமெலை எடுத்தார்கள். நோய் மறைந்துபோனது. அதே கலோமெல்தான் இன்று பல கள்ள வெண்மைக் கிரீம்களில் இருக்கிறது.

இரண்டாவது, ஹைட்ரோகுயினோன். இதுவும் மெலனின் உருவாவதைத் தடுக்கும். மருத்துவர் சில நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கும் மருந்து இது. கடையில் விற்கும் அழகுக் கிரீமில் இதற்கு இடமில்லை. பூசியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உடலுக்குள் போகிறது என்று அளந்திருக்கிறார்கள். தோலில் பூசும் ஒரு பொருளுக்கு இது மிக அதிகம். குழந்தைக்குக் கெடுதல் நடந்ததாகத் தெளிவான சான்று இல்லை. இருந்தாலும், இவ்வளவு உள்ளே போகும் ஒன்றைக் கர்ப்ப காலத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

மூன்றாவது, டிரெட்டினோயின். இது வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் நெருங்கிய உறவான ஐசோடிரெட்டினோயின் கடுமையான பருவுக்கு விழுங்கும் மாத்திரை. 1982-இல் அது அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மூன்றே ஆண்டில், 1985-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த மாத்திரை எடுத்த தாய்மார்களுக்குக் காது, முகம், இதயம், மூளை ஆகியவற்றில் குறைபாடுகளோடு பிறந்த 21 குழந்தைகளைப் பதிவு செய்தது. அதனால்தான் இன்று அந்த மாத்திரை தருவதற்கு முன் பெண்கள் கருவுற்றிருக்கவில்லை என்று உறுதி செய்கிறார்கள். உங்களில் யாராவது பருவுக்கு அந்த மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதை அக்காவுக்கோ தோழிக்கோ ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள்.

பூசும் டிரெட்டினோயின் மிகக் குறைவாகவே உள்ளே போகும். பல தாய்மார்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் கூடுதல் ஆபத்து தெளிவாகத் தெரியவில்லை. அப்படியிருந்தும் கர்ப்ப காலத்தில் அதையும், கடைகளில் கிடைக்கும் ரெட்டினால் கிரீம்களையும் விட்டுவிடும்படி சொல்கிறார்கள். ஏன்?

"நிரூபித்திருக்கிறார்களா, டீச்சர்?"

இந்தக் கேள்வியை என் மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஒரு மருந்தைச் சோதிக்க வேண்டுமானால் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் கிரீமும் கொடுத்து ஒப்பிடுவோம். கர்ப்பிணிப் பெண்களிடம் 'இது உங்கள் குழந்தையைக் கெடுக்கிறதா என்று பார்க்கப் போகிறோம், பூசிக்கொள்ளுங்கள்' என்று யாராவது கேட்க முடியுமா? முடியாது. ஆகவே நமக்குக் கிடைப்பது விலங்குச் சோதனைகளும், தெரியாமல் பயன்படுத்தியவர்களின் பதிவுகளும்தான். அவற்றில் எப்போதும் ஓட்டைகள் இருக்கும்.

சான்று அரைகுறையாக இருக்கும்போது முடிவெடுக்க ஒரு வழி உண்டு. தட்டின் ஒரு பக்கம் பயனை வையுங்கள், மறுபக்கம் இழப்பை வையுங்கள். வலிப்பு நோய்க்கு மருந்து எடுக்கும் தாய்க்கு அந்த மருந்து தேவை. அவர் தானாக நிறுத்தவே கூடாது, மருத்துவரிடம் பேச வேண்டும். ஆனால் மங்கு என்பது நோயின் ஆபத்து இல்லாத ஒரு கருமை. கர்ப்ப கால ஹார்மோன்கள் நிறச் செல்களைத் தூண்டுவதால் வருவது. வெயில் அதை இன்னும் கருக்க வைக்கும். பிள்ளை பெற்ற பிறகு சில மாதங்களில் பெரும்பாலும் தானே மங்கிவிடும். ஒன்பது மாதம் காத்திருப்பதில் இழப்பது கொஞ்சம் நிறம். காத்திராமல் விட்டால் இழக்கக்கூடியது ஒரு குழந்தையின் சிறுநீரகமாகவோ நரம்பாகவோ இருக்கலாம். இந்தத் தராசில் எனக்குக் குழப்பமே இல்லை.

'என் அம்மா பல வருஷம் பூசினார், ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்வோரும் உண்டு. நானும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். என் மகன் நலமாக இருக்கிறானே! ஆனால் ஒரே ஒருவரின் அனுபவம் சோதனை ஆகாது என்று உங்களுக்குப் பாடம் நடத்துவதும் நான்தான்.

"இயற்கைதானே, என்ன ஆகும்?"

கெமிக்கல் இல்லாத கிரீம் என்று விளம்பரம் செய்கிறார்கள். அப்படி ஒரு கிரீம் உலகத்தில் கிடையாது. தண்ணீரும் வேதிப்பொருள்தான். கலோமெல் மண்ணில் கிடைக்கும் கனிமம், இயற்கையானது. ஆகவே இயற்கையா செயற்கையா என்ற கேள்வி நமக்கு உதவாது. என்ன பொருள், எவ்வளவு, யார் தோலில் என்று கேட்டால்தான் உதவும்.

நம் வீடுகளிலேயே பாருங்கள். குழந்தைக்குச் சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கி மார்பில் தேய்ப்பது வழக்கம். பெரியவர்களுக்கு அது சுகமாக இருக்கும். கைக்குழந்தைக்குக் கற்பூரம் அதிகமாகப் போனால் வலிப்பு வரும். கடையில் விற்கும் கற்பூரத் தைலங்கள் பலவற்றிலேயே இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாம் என்று எழுதியிருக்கும். பாட்டி அன்பினால்தான் தேய்க்கிறார். அவரைத் திட்டாமல், டப்பாவில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டுங்கள்.

கண்மையும் அப்படித்தான். வீட்டில் விளக்குப் புகையில் பிடிக்கும் கரி வேறு. சுர்மா என்ற பெயரில் வரும் சில மைகளில் இருப்பது ஈய சல்பைடு. குழந்தை கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைக்கும். ஈயம் வளரும் மூளையைக் கெடுக்கும். கெட்டதை மீட்க முடியாது. எந்த மையாக இருந்தாலும் பச்சைக் குழந்தையின் கண்ணுக்குள் தீட்ட வேண்டாம்.

குங்குமப்பூ போட்ட பால் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதையும் கேட்டிருப்பீர்கள். குழந்தையின் நிறத்தை நிர்ணயிப்பது அப்பா, அம்மாவின் மரபணுக்கள். இந்த நம்பிக்கை தீங்கில்லாததுபோல் தெரியும். ஆனால் பிறக்குமுன்பே குழந்தையின் நிறத்தைப் பற்றிக் கவலைப்படும் வீட்டில்தான் கர்ப்பிணியின் கன்னத்து மங்கும் பெரிய குறையாகிவிடுகிறது. கிரீம் விற்பவருக்கு அந்தக் கவலைதான் முதலீடு.

குழந்தையின் தோல்: ஒரு சின்னக் கணக்கு

பிறந்த குழந்தையின் எடை 3 கிலோ, தோல் பரப்பு சுமார் 2,000 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ள பெரியவரின் தோல் பரப்பு சுமார் 16,000 சதுர சென்டிமீட்டர். ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தோல்? குழந்தைக்கு 667, பெரியவருக்கு 267. ஏறக்குறைய இரண்டரை மடங்கு. உடம்பு முழுக்க ஒரே தடிமனில் ஒரே கிரீமைப் பூசினால், ஒரு கிலோ எடைக்குக் குழந்தை பெறும் அளவு இரண்டரை மடங்கு ஆகிவிடும். அதன் தோல் தடுப்பு முழு வலுப்பெற மாதங்கள் ஆகும். நச்சை வெளியேற்றும் கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் முதிரவில்லை. நாப்பி கட்டிய இடத்தில் ஈரமும் சூடும் சேர்ந்து உறிஞ்சுதலைக் கூட்டும்.

1972-இல் பிரான்ஸில் நடந்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு குழந்தைப் பவுடரில் ஹெக்சாகுளோரோபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக 6 விழுக்காடு கலந்துவிட்டது. நாப்பிப் புண்ணுக்கு நல்லது என்று நம்பி அந்தப் பவுடரைத் தாய்மார்கள் போட்டார்கள். 204 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 36 பேர் இறந்தார்கள். கையைக் கழுவும் சோப்பில் அன்று சாதாரணமாக இருந்த பொருள் அது. குழந்தையின் தோல் வழியே மூளைவரை போய்விட்டது.

பயமுறுத்துவது என் நோக்கமில்லை. ஆகவே பயப்படத் தேவையில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண வாசனையில்லாத மாய்ஸ்ச்சரைசர், பெட்ரோலியம் ஜெல்லி, துத்தநாக ஆக்சைடு கொண்ட சன்ஸ்கிரீன் ஆகியவை கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகப் பிரச்சினை தராதவை. பருவுக்கு அசெலாயிக் அமிலமும், சிறிய இடத்தில் பூசும் பென்சாயில் பெராக்சைடும் கர்ப்ப காலத்தில் மருத்துவர்கள் ஏற்றுக்கொள்பவை. மங்குக்கு நல்ல வழி தொப்பி, குடை, சன்ஸ்கிரீன். பால் கொடுக்கும் தாய், குழந்தையின் வாய் படும் இடத்தில் எந்த அழகுக் கிரீமும் பூச வேண்டாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குச் சன்ஸ்கிரீனைவிட நிழலும் மெல்லிய துணியும் மேல். சந்தேகம் இருந்தால் அரசு கிளினிக்கிலோ மருந்தகத்திலோ மருந்தாளுநரைக் கேட்கலாம்.

எண்ணைத் தேடுங்கள்; ஆனால் எண்ணோடு நிறுத்தாதீர்கள்

மலேசியாவில் சட்டப்படி விற்கும் ஒவ்வோர் அழகுப் பொருளையும் என்.பி.ஆர்.ஏ.விடம் அறிவிக்க வேண்டும். 2008 முதல் இதுதான் விதி. அறிவித்ததற்கு அடையாளமாக ஓர் எண் கிடைக்கும். அது என்.ஓ.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கி, இலக்கங்கள் வந்து, கே என்ற எழுத்தில் முடியும். என்.பி.ஆர்.ஏ.வின் இணையத்தளத்தில் பொருளின் பெயரையோ எண்ணையோ தட்டினால், பதிவில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று தெரியும். இரண்டு நிமிட வேலை. பதிவில்லாத பொருளை விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த எண், அதிகாரிகள் அந்தக் கிரீமைச் சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளமில்லை. 'இதில் இன்னின்ன இருக்கிறது, விதிக்கு உட்பட்டது' என்று நிறுவனம் கொடுத்த உறுதிமொழியின் அடையாளம். விற்பனைக்கு வந்த பிறகுதான் அதிகாரிகள் மாதிரிகளை எடுத்துச் சோதிக்கிறார்கள். எண் உள்ள கிரீம்களிலும் பாதரசம் பிடிபட்டு அறிவிப்பு ரத்தாகியிருக்கிறது. எண் இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். எண் இருந்தால், அடுத்து மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். பட்டியலும் சரியென்றால், மூன்றாவதாக வாக்குறுதியைப் பாருங்கள். ஏழு நாளில் நிறம் மாறும் என்று சொல்லும் கிரீம், தான் சொல்லாத ஏதோ ஒன்றை உள்ளே வைத்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இங்கே என் இரண்டு கருத்துகளைச் சொல்கிறேன். ஒன்று, இணையத்தில் அழகுப் பொருள் விற்க இடம் கொடுக்கும் தளங்கள், அந்த எண்ணைக் காட்டாத பொருளைப் பட்டியலில் ஏற்றவே விடக் கூடாது. வாங்குபவர்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லிக் கைகழுவுவது நியாயமில்லை. இரண்டு, நாம் பள்ளியில் என்சைமும் மோலும் படிக்கிறோம். ஒரு கிரீம் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதில்லை. அதற்கு ஒரே ஒரு பாடவேளை போதும்.

ஏன் நீங்கள்?

தொடக்கத்தில் இதைச் சொல்வதாகச் சொன்னேன். உங்கள் பாட்டிக்கு அந்தப் பொடி எழுத்து தெரியாது. உங்கள் அம்மாவுக்கு வேலை முடிந்து வந்து சமைக்கவே நேரம் சரியாக இருக்கும். கர்ப்பமாயிருக்கும் அண்ணிக்கு அவருடைய தோழிகள் ஒன்று சொல்வார்கள், திறன்பேசியில் வரும் காணொளி இன்னொன்று சொல்லும். உங்களுக்கோ என்சைம் என்றால் என்ன என்று தெரியும். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரியும். இணையத்தில் தேடத் தெரியும். படித்ததை வீட்டில் தமிழில் சொல்லத் தெரியும். இவ்வளவும் ஒரே ஆளிடம் இருப்பது பல வீடுகளில் நீங்கள் ஒருவர்தான்.

சொல்லும் முறையும் முக்கியம். 'அண்ணி, நீங்க தப்புப் பண்ணிட்டீங்க' என்று தொடங்காதீர்கள். ஒரு கர்ப்பிணியின் மனத்தில் தேவையில்லாத பயத்தை ஏற்றிவிட வேண்டாம். 'கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க அண்ணி, கிளினிக் போகும்போது டப்பாவையும் எடுத்துட்டுப் போலாம்' என்றால் போதும். ஏற்கெனவே பூசியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். நான் செய்ததைப்போல டப்பாவை வீசிவிட வேண்டாம். பிளாஸ்டிக் பையில் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி.

என் மாணவி அப்படித்தான் செய்தாள். அன்று மாலையே பெயரைத் தேடியிருக்கிறாள், பதிவில் இல்லை. அண்ணி முதலில், "89 ரிங்கிட் கொடுத்து வாங்கினது" என்று முணுமுணுத்தாராம். அடுத்த கிளினிக் நாளில் டப்பாவை மருந்தாளுநரிடம் கொடுத்துவிட்டார். மங்கு இன்னும் இருக்கிறது. அண்ணி இப்போது வெளியே போகும்போது குடை எடுத்துப் போகிறார்.

இன்று வீட்டுக்குப் போனதும் குளியலறை அலமாரியைத் திறந்து, முதல் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.